வண்ணக் கண்ணாடி வேலை: ஆர்டர் கொடுப்பவர்களும் கற்றுக்கொள்பவர்களும் கேட்கும் கேள்விகள்

ஜன்னல், பூஜை அறைக் கதவு, தொங்கவிடும் சின்ன வட்டங்கள், விளக்குக் கூடு என்று கேட்பவர்களுக்கு ஏற்றபடி ஸ்டெயின்டு கிளாஸ் செய்து தருவது என் தொழில். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைத்திருக்கிறேன். செய்யச் சொல்லிக் கேட்பவர்களின் கேள்விகள் முதலில், தானே செய்து பார்க்க நினைப்பவர்களின் கேள்விகள் அப்புறம்.

ஸ்டெயின்டு கிளாஸ் என்றால் கண்ணாடி மேல் பெயின்ட் அடிப்பதுதானே?

இல்லை. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடியை உலையில் உருக்கும்போதே உலோகச் சேர்மங்களைக் கலந்துவிடுவார்கள். கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம், இரும்பு சேர்த்தால் பச்சை, மாங்கனீசு சேர்த்தால் ஊதா. நல்ல இளஞ்சிவப்புக்குத் தங்கமே சேர்க்கிறார்கள். அந்தத் தாளின் விலையைக் கேட்டால் தங்கம் சேர்ந்தது தெரியும். இப்படி நிறம் ஏறிய கண்ணாடித் தாள்களை வடிவம் வடிவமாக வெட்டி, உலோகத்தால் இணைப்பதுதான் இந்த வேலை.

பெயின்ட்டும் உண்டு, ஆனால் கண், மூக்கு, துணி மடிப்பு போன்ற நுணுக்கங்களுக்கு மட்டும். இரும்பு அல்லது செம்பு ஆக்சைடைக் கண்ணாடித் தூளோடு குழைத்துத் தீட்டி, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட வேண்டும். அப்போது அது கண்ணாடியோடு ஒன்றாகிவிடும், நகத்தால் சுரண்டினால் வராது. ஐரோப்பியத் தேவாலயங்களில் புனிதர்களின் தலைமுடியிலும் கிரீடத்திலும் தெரியும் பொன்மஞ்சள், வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டு வரவைத்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பரவிய உத்தி அது.

கடைகளில் "ஸ்டெயின்டு கிளாஸ்" என்று விற்பவற்றில் பாதி, ஒரே கண்ணாடியில் வண்ண ஃபிலிமை ஒட்டி மேலே கறுப்புப் பட்டை ஓட்டியது. அதை வாங்குவது தப்பில்லை, அசல் வேலையின் விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு. கறுப்புக் கோட்டின் இரு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள். பின்பக்கமும் அதே இடத்தில் உலோகக் கோடு இருந்தால் அசல். பின்பக்கம் வழவழவென்று ஒரே கண்ணாடியாக இருந்தால் ஃபிலிம்.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் வேறு மரபு. கண்ணாடியின் பின்பக்கத்திலிருந்து தீட்டி முன்பக்கம் பார்ப்பது அது. எனக்கு அந்த வேலை தெரியாது.

செட்டிநாட்டு வீடுகளில் ஜன்னலுக்கு மேலே வண்ணக் கண்ணாடி இருக்கிறதே, அதுவும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. அங்கே நீங்கள் பார்ப்பது ஒரே நிறத் தாளை அளவாக வெட்டி மரச் சட்டத்தில் பொருத்தியது. துண்டுகளைப் பிரிப்பது மரம், உலோகம் அல்ல. அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் நல்ல ஆசாரியும் கண்ணாடிக் கடையும் போதும், என்னிடம் வந்து கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஈயக் கோட்டு வேலையைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் தேவாலயங்களுக்குத்தான் போக வேண்டும். சென்னை சாந்தோம் பேராலயம் 1890களில் இப்போதுள்ள வடிவில் மறுபடி கட்டப்பட்டது. தோமா இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்கும் காட்சியை அங்கே கண்ணாடியில் பார்க்கலாம். புதுச்சேரி திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் புனிதர்களின் உருவங்கள் இருக்கின்றன. உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து அதே ஜன்னலை வெயிலில் பாருங்கள். மங்கலாக, ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும். நீங்கள் ஆர்டர் கொடுக்கும் முன் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் நம் பேச்சு பாதியாகக் குறையும்.

ஒரு படம் அனுப்பினால் அப்படியே செய்து தருவீர்களா?

படத்துக்கு முன்னால் நான் கேட்பது வேறு: ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது? அதன் பின்னால் என்ன இருக்கிறது? போனில் இரண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள், காலை ஒன்று, மாலை ஒன்று.

காரணம் இது. வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடிக்குப் பின்னால் மூன்றடியில் பக்கத்து அடுக்குமாடிச் சுவர் இருந்தால், நீங்கள் ஆசைப்பட்ட கருநீலம் நாள் முழுக்கக் கறுப்பாகத்தான் நிற்கும். அங்கே வெளிர் நிறங்களோ, பால் கலந்தது போன்ற ஓபல் கண்ணாடியோதான் எடுபடும். மேற்கு பார்த்த ஜன்னலில் தெளிவான மஞ்சளையும் ஆரஞ்சையும் வைத்தால் மாலை நாலு மணிக்கு சோபாவில் உட்கார முடியாது. அதே இடத்தில் நீலமும் பச்சையும் சுகமாக இருக்கும். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக வரும், எந்த நிறத்தையும் கெடுக்காது. பின்னால் வேப்பமரம் இருந்தால் அதன் பச்சையும் அசைவும் கண்ணாடிக்குள் வந்துவிடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் படம். அதையும் அப்படியே செய்ய முடியாது, கோடுகளாகப் பிரித்தாக வேண்டும். கண்ணாடியில் விழும் பிளவு பாதியில் நிற்காது, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடித் தீரும். அதனால் எந்தக் கோடும் நடுவில் முடியக் கூடாது, இன்னொரு கோட்டையோ சட்டத்தையோ தொட வேண்டும். "ட" எழுத்தைப் போல உள்மூலை உள்ள துண்டை ஒரே துண்டாகக் கையால் வெட்ட முடியாது. ஆழமான உள்வளைவு ஆபத்து, ஊசி முனை இன்னும் ஆபத்து. ஒரே நேர்கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனாலும் பிரச்சினைதான், பலகை அந்த இடத்தில் கீல் வைத்ததுபோல மடங்கும்.

ஆக, உங்கள் படத்தில் இல்லாத கோடுகளை நான் சேர்ப்பேன். அவை சமாளிப்பாகத் தெரியாமல் காற்று, நீர், கிளை, ஒளிக்கதிர் என்று ஏதோ ஒன்றாக மாறினால் வரைபடம் தேறியது. ஆர்டரில் அதிக நேரம் எடுப்பது இந்த வரைபடம்தான். முழு அளவில் தாளில் வரைந்து காட்டுவேன். நீங்கள் சரி என்று சொல்லாமல் கட்டரைத் தொட மாட்டேன்.

சிக்குக் கோலத்தை ஜன்னலில் கொண்டுவர முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். வெள்ளைக் கோட்டுக்குப் பதில் உலோகக் கோடு, அவ்வளவுதானே என்று தோன்றும். உள்ளே இருக்கும் கட்டங்கள் உண்மையிலேயே சுலபம். சிக்கல் ஓரத்தில். இரண்டு சுழிகளுக்கு நடுவே வெளிப்பக்கம் மிஞ்சும் இடத்தைப் பாருங்கள்: இரு பக்கமும் உள்ளே வளைந்து, நுனி ஊசியாகப் போய்க் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முடியும். அதை வெட்டும்போது நுனி கையோடு வந்துவிடும். மேலும் கோலத்தைச் சுற்றியுள்ள வெளியெல்லாம் ஒரே துண்டு, நடுவில் பெரிய ஓட்டை. அப்படி ஒரு துண்டே கிடையாது.

அதற்கு வழி, ஒவ்வொரு நுனியிலிருந்தும் சட்டம் வரை ஒரு கோடு இழுப்பது. அப்போது கோலத்தைச் சுற்றிக் கதிர்கள் வந்துவிடும். பலருக்கு அது பிடித்தே போகிறது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் நாலு துண்டுகளின் முனைகள் சந்திப்பதால் ஈயம் கட்டி தட்டும், அங்கே துண்டுகளைச் சுற்றிய செம்புப் பட்டையைக் கத்தியால் செதுக்கி மெலிதாக்க வேண்டும்.

புள்ளியை விட்டுவிடச் சொல்வேன். புள்ளி இல்லாமல் கோலமா என்று பாட்டிகள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். கண்ணாடியின் நடுவே சின்ன வட்டமான செம்புத் தகட்டை ஒட்டி அதன் மேல் ஈயத்துளி வைத்துக் கொடுக்கலாம். ஒட்டு காலப்போக்கில் விடக்கூடும் என்று சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.

தாத்தா போட்டோ, சாமி படம்?

முகம் தெரிய வேண்டுமானால் தீட்டிச் சுட வேண்டும். வெட்டி ஒட்டும் முறையில் முகத்தைச் செய்தால் கன்னத்தில் கோடு விழும், பெரியவரைப் பார்க்கும்போதெல்லாம் தழும்புதான் கண்ணில் படும். தாத்தாவுக்கு நல்ல பிரேம் போட்ட போட்டோவே மரியாதை. சாமி படங்களில் பிள்ளையார் கைகொடுப்பார். காது, வயிறு எல்லாம் பெரிய வெளிவளைவுகள், தும்பிக்கையை மூன்று நாலாகப் பிரித்தாலும் உருவம் கெடாது. மயில், வேல், தாமரை, சங்கு இவை எல்லாமே நன்றாக வரும்.

சதுர அடிக்கு எவ்வளவு?

சதுர அடிக் கணக்கில் சொன்னால் யாராவது ஒருவர் ஏமாறுவார், நீங்களோ நானோ. ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 12 கட்டங்கள், இன்னொன்றில் 120 துண்டுகள் கொண்ட மயில். கண்ணாடிச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு துண்டும் வரைந்து, வெட்டி, ஓரம் தேய்த்து, கழுவி, பட்டை சுற்றி, அழுத்தி, இரு பக்கமும் ஈயம் ஓட்டப்பட வேண்டும். அதனால் நான் துண்டுக் கணக்கில்தான் விலை சொல்வேன். வளைவுகள் அதிகம் என்றால் கொஞ்சம் கூடும். தங்கம் சேர்ந்த இளஞ்சிவப்பு, வாயால் ஊதிச் செய்த தாள் என்றால் கண்ணாடிக்குத் தனிக் கணக்கு.

விலையைக் குறைக்க நினைத்தால் பலகையின் அளவைக் குறைக்காதீர்கள், துண்டுகளைக் குறையுங்கள். பெரிய துண்டில் நல்ல தாளின் நெளிவும் குமிழியும் தெரியும், பல சமயம் பார்வைக்கும் அதுவே மேல்.

கண்ணாடி எங்கிருந்து வருகிறது? ஏன் இவ்வளவு தாமதம்?

நான் பயன்படுத்துவதில் பெரும்பகுதி அமெரிக்கத் தாள்கள். இந்தியானாவின் கோகோமோ நிறுவனம் 1888 முதல் ஓபல் கண்ணாடி செய்துவருகிறது, விளக்குக் கூடுகளால் பெயர் பெற்ற டிஃபனிக்கே கண்ணாடி கொடுத்தவர்கள். வாயால் ஊதிய தாள் வேண்டுமானால் ஜெர்மனியின் வால்ட்சாசென் ஊரில் உள்ள லாம்பர்ட்ஸ். இங்கே கையிருப்பில் இல்லாத நிறம் என்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் இருக்கிற நிறங்களில் தேர்ந்தெடுங்கள்.

பூஜை அறைக் கதவுக்குப் போடலாமா? விளக்குச் சூட்டுக்கு ஈயம் உருகுமா?

தாராளமாகப் போடலாம். உருகாது. துண்டுகளை இணைக்க ஓட்டும் ஈயம், வெள்ளீயம் 60, காரீயம் 40 என்ற கலவை. அது 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 வாக்கில் முழுதாக உருகும், கதவு அந்தச் சூட்டைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் குத்துவிளக்கின் சுடர் கண்ணாடிக்கு வெகு அருகில் நின்றால் ஓரிடம் மட்டும் சூடேறிக் கண்ணாடி விரியும். கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

இந்தக் கதவுக்குத் தெளிவான கண்ணாடி பொருந்தாது. பகலில் வெளிச்சம் கூடத்தில் இருக்கும், உள்ளே இருட்டு. கதவு தன் மேல் படும் வெளிச்சத்தில்தான் அழகாகத் தெரிய வேண்டும், அதற்கு ஓபல் கண்ணாடிதான் சரி. உள்ளே விளக்கு ஏற்றியதும் அது வேறு மாதிரி ஒளிரும், அது கூடுதல் லாபம்.

செம்புப் பட்டை, ஈயச் சட்டம் என்று இரண்டு முறை சொல்கிறார்களே, எது நல்லது?

வேலையைப் பொறுத்தது. ஈயச் சட்டம் பழைய முறை. எச் வடிவத்தில் இருக்கும் ஈயக் கம்பியின் இரு பள்ளங்களிலும் கண்ணாடியைச் செருகி, மூட்டுகளில் மட்டும் பற்றவைப்பார்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் பிசைந்த புட்டியை இடுக்குகளில் திணித்தால் மழைநீர் புகாது. வெளிப்புற ஜன்னலுக்கும் பெரிய பலகைக்கும் இதுதான் சரி.

செம்புப் பட்டை முறையை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டிஃபனியின் பட்டறை பரப்பியது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பசை தடவிய மெல்லிய செம்புப் பட்டையைச் சுற்றி, எல்லாக் கோட்டிலும் ஈயம் ஓட்டுவது. கோடு மெலிதாக வரும், சின்னத் துண்டுகளுக்கும் வளைந்த விளக்குக் கூட்டுக்கும் இது இல்லாமல் முடியாது. அந்தப் பட்டறையின் புகழ்பெற்ற விளக்குகள் பலவற்றை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால் என்ற பெண் என்பது, அவருடைய கடிதங்கள் இந்த நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பரவலாகத் தெரிந்தது.

கடலோர வீடு, குளியலறை, குழந்தைகள் ஓடும் இடம்?

மூன்றுக்கும் ஒரே பதில்: இந்தப் பலகைக்கு முன்னும் பின்னும் டஃபன்டு கண்ணாடி (சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி) வைத்து நடுவில் மூடிவிடுங்கள். உப்புக் காற்றில் ஈயக் கோடு சீக்கிரம் வெளுத்துப் பொடி பூக்கும். இதில் மோதினால் உடையும் துண்டுகள் கூர்மையானவை. இரண்டடிக்கு மேல் போகும் பலகைக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துக் கட்டுவேன். "கம்பி அசிங்கமாக இருக்கிறது" என்று எடுக்கச் சொன்னால் அந்த ஆர்டரை எடுக்க மாட்டேன்.

ஈயம் விஷம் என்கிறார்கள். ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே?

நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயம். இந்த வேலையில் கலப்பது காரீயம், அதுதான் விஷம். ஜன்னலில் மாட்டிய பலகையால் ஆபத்தில்லை. குழந்தை நக்கும் உயரத்தில் மட்டும் வைக்காதீர்கள், சாப்பாட்டுப் பொருள் படும் எதையும் இதில் செய்யச் சொல்லாதீர்கள்.

செய்பவருக்குத்தான் கவனம் வேண்டும். பற்றவைக்கும்போது எழும் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ் (ஈயம் செம்பில் ஒட்டுவதற்காகத் தடவும் பூச்சு) புகை, அதுவும் நுரையீரலுக்கு ஆகாது, மின்விசிறியை வெளிப்பக்கம் தள்ளும்படி வையுங்கள். காரீயம் உடம்புக்குள் போவது அதிகமும் கை வழியாகவும் தூசி வழியாகவும்தான். வேலை மேசையில் டீ குடிக்காதீர்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஈயத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அந்த அறைக்கே வர வேண்டாம். சமையலறை மேசையில் இந்த வேலை கூடாது.

நானே செய்து பார்க்க என்னென்ன வாங்க வேண்டும்?

எண்ணெய் நிரப்பும் நல்ல கட்டர், கோட்டைப் பிளக்கும் பிளையர், ஓரத்தைக் கடித்து எடுக்கும் பிளையர், 80 முதல் 100 வாட் சால்டரிங் அயர்ன், செம்புப் பட்டை, ஃப்ளக்ஸ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஓரம் தேய்க்கும் கிரைண்டர் இருந்தால் நல்லது, தொடக்கத்தில் தண்ணீர் தொட்ட தேய்ப்புக் கல்லே போதும்.

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 25 வாட் அயர்ன் வேண்டாம், கண்ணாடியும் செம்பும் அதன் சூட்டை உறிஞ்சிவிடும். அங்கே விற்கும், நடுவில் ரெசின் வைத்த ஈயக் கம்பியும் வேண்டாம். உள்ளே எதுவும் இல்லாத கெட்டிக் கம்பி கேளுங்கள்.

பழகுவதற்கு விலையுயர்ந்த தாள் எதற்கு? தெருமுனைக் கண்ணாடிக் கடையில் 3 மி.மீ. சாதாரணக் கண்ணாடியின் கழிவுத் துண்டுகளைக் கேளுங்கள். டஃபன்டு மட்டும் வேண்டாம், அதைக் கோடு போட்டு வெட்ட முடியாது, நொறுங்கிப் பொடிப்பொடியாகும்.

நான் வெட்டினால் கோட்டில் போகாமல் எங்கெங்கோ உடைகிறது. ஏன்?

முதல் காரணம், நீங்கள் "வெட்ட" முயல்கிறீர்கள். கட்டர் வெட்டாது. கண்ணாடியின் மேல்தோலில் ஒரு கீறல் போடுகிறது, அவ்வளவுதான். அந்தக் கீறல் வழியாக அதை உடைப்பது உங்கள் கை.

கண்ணாடியின் வழவழப்பான பக்கத்தைத் துடைத்து மேலே வையுங்கள். தூசி இருந்தால் சக்கரம் தாவும். கட்டரை ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே வைத்து, எதிர் ஓரம் வரை ஒரே அழுத்தத்தில், நிற்காமல் ஓட்டுங்கள். அழுத்தம் விரலிலிருந்து வரக் கூடாது, தோளிலிருந்து வரட்டும். சரியாக ஓடினால் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் சீராகக் கேட்கும், கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் இருக்கும். கோடு வெள்ளையாகி ஓரத்தில் பொடி தெறித்தால் அழுத்தம் அதிகம். புதியவர்கள் எல்லோருக்கும் அழுத்தம் அதிகமாகத்தான் இருக்கும்.

ஒரு கோட்டின் மேல் இரண்டாம் முறை ஓட்டவே ஓட்டாதீர்கள். கண்ணாடியும் கெடும், சக்கரமும் கெடும். போட்ட கோட்டை உடனே உடையுங்கள், டீ குடித்துவிட்டு வந்தால் அது முரண்டு பிடிக்கும். உள்வளைவை ஒரே மூச்சில் எடுக்காமல், பிறைபோலச் சின்னச் சின்ன வளைவுகளாகக் கோடு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியத் துறவி எழுதிய தொழில் குறிப்பில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளந்து, பிறகு இரும்பால் ஓரத்தைக் கடித்துக் கடித்துச் சரிசெய்ததாக இருக்கிறது. நம்மிடம் சக்கரம் இருக்கிறது, பொறுமை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பட்டை சுற்றியும் ஈயம் ஒட்டவில்லை, ஒட்டினாலும் கட்டி கட்டியாக நிற்கிறது.

ஒட்டாததற்குக் காரணம் அழுக்கு. தேய்த்த தூளும் கட்டர் எண்ணெயும் போகக் கழுவிக் காயவைத்த பிறகே பட்டை சுற்ற வேண்டும். பட்டையை இரு பக்கமும் சமமாக மடித்து, மரக் குச்சியாலோ பேனாவின் உடலாலோ வழவழவென்று அழுத்துங்கள். செம்பு கறுத்திருந்தால் ஃப்ளக்ஸ் தடவியும் பயனில்லை, ஸ்டீல் கம்பளியால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

கட்டி நிற்பதற்குக் காரணம் அவசரம். அயர்ன் முனையை 370 டிகிரி வாக்கில் வைத்து, கோட்டின் மேல் மெதுவாக இழுங்கள். ஈயம் தானே உருண்டு, நடுவில் மேடாக நிற்கும். வண்ணம் தீட்டும் பழக்கம் உள்ளவர்கள் அயர்னைத் தூரிகை போல முன்னும் பின்னும் தேய்ப்பார்கள், அதனால்தான் அலை அலையாக வரும்.

இன்னொன்று, தெளிவான கண்ணாடியில் பட்டையின் உட்பக்கம் வெளியே தெரியும். கோட்டைக் கறுப்பாக்கப் போகிறீர்கள் என்றால் உட்பக்கம் கறுப்பான பட்டை வாங்குங்கள். செம்பு நிறத்தில் விட நினைத்தால் செம்புப் பின்பக்கம் போதும், மயில்துத்தக் கரைசல் தடவினால் ஈயக் கோடு செம்பாக மாறும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய தேவாலயக் கண்ணாடி அடிப்பக்கம் தடிமனாக இருக்கிறதே, கண்ணாடி மெல்ல வழிகிறதா?

வழியவில்லை. அந்தக் காலத்தில் ஊதித் தட்டையாக்கிய கண்ணாடி ஒரே சீரான தடிமனில் வராது, பல சமயம் ஒரு பக்கம் தடிமனாக இருக்கும். தடித்த பக்கம் மேலே வைத்துப் பொருத்திய துண்டுகளும் இருக்கின்றன.

எப்படித் துடைப்பது? ஒரு துண்டு விரிந்தால் மொத்தமும் போய்விடுமா?

மெல்லிய துணியில் தண்ணீர் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே வேண்டாம், கோட்டின் நிறத்தைத் தின்றுவிடும். வருடத்துக்கு ஒருமுறை கார் மெழுகு லேசாகத் தடவினால் ஈயம் பொடி பூக்காது.

ஒரு துண்டு விரிந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஈயச் சட்டம் என்றால் உதடுகளைத் திறந்து புதிய துண்டைச் செருகலாம். செம்புப் பட்டை என்றால் துண்டை உடைத்து எடுத்து, சுற்றியுள்ள பழைய ஈயத்தை உருக்கி இறக்கிவிட்டுப் புதிதைப் பொருத்த வேண்டும், கொஞ்சம் எரிச்சலான வேலை. நிறம் பொருந்துவதுதான் பெரிய சிக்கல். ஒரே பெயர் கொண்ட தாளே அடுத்த உருக்கலில் சற்று மாறி வரும். அதனால் ஒவ்வொரு ஆர்டரோடும் மீந்த கண்ணாடித் துண்டுகளை உறை போட்டுக் கொடுத்துவிடுகிறேன். வரைபடத்தின் நகலும் அதற்குள் இருக்கும். பரணில் போட்டாலும் சரி, தூக்கி மட்டும் எறியாதீர்கள்.